மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். மகள் பதினோராம் வகுப்பு, நியூ ஜெர்சியில். ஏழு வயதிலிருந்து கிளப்பில் நீந்துகிறாள். 200 கஜம் பட்டர்ஃப்ளையில் 2 நிமிடம் 2 விநாடி. கல்லூரி அணியில் நீந்தியே ஆக வேண்டும் என்கிறாள், கூடவே பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கும் படிக்க வேண்டும் என்கிறாள். ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோச்சும், ஒரு டிவிஷன் மூன்று கல்லூரியின் கோச்சும் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். (கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. அந்தப் பெரிய பல்கலைக்கழகம் டிவிஷன் ஒன்று.) பெரிய பல்கலைக்கழகத்துக் கோச், "முதல் வருஷம் சுலபமான மேஜரில் (முதன்மைப் பாடத்தில்) சேரட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றிருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர், "இந்த வருஷத்தோடு நீச்சலை நிறுத்து, மார்க்கைப் பார்" என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விளையாட்டு மாணவர்களுக்குப் படிப்பு ஆலோசகராகப் பதினொரு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீச்சலை நிறுத்த வேண்டாம். அந்தக் கோச்சின் யோசனையையும் ஏற்க வேண்டாம். நீச்சலா படிப்பா என்று இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டால் விடை கிடைக்காது. ஒவ்வொரு கல்லூரியிலும் மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரை என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கின் முதல் இரண்டு வருஷம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கால்குலஸ் மூன்று பருவம், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், லேபோடு கெமிஸ்ட்ரி, லேபோடு ஃபிசிக்ஸ், பயாலஜி, கொஞ்சம் புரோகிராமிங். வகுப்புகள் காலையில் முடிந்துவிடும். லேப்கள்தான் மதியத்தில் வந்து உட்காரும், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். நீச்சல் அணிக்கோ விடிகாலையில் ஒரு பயிற்சி, மதியம் இரண்டு மணி வாக்கில் இன்னொன்று. மோதல் அங்கேதான். அதுவும் ஒரு பருவத்தோடு முடிவதில்லை. கால்பந்து ஆடும் பெண்ணுக்குப் போட்டிக்காலம் இலையுதிர் பருவத்தோடு முடிந்துவிடும், கடினமான லேபை வசந்தத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். நீச்சலில் போட்டிகள் அக்டோபர் வாக்கில் தொடங்கினால் பிப்ரவரியில் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்த குழு) சாம்பியன்ஷிப், மார்ச்சில் தேசியப் போட்டி. கிறிஸ்துமஸ் விடுமுறையில் மற்றவர்கள் வீட்டில் இருக்கும்போது இவர்கள் குளத்துக்குத் திரும்பியிருப்பார்கள்.

வாரம் 20 மணி நேரம்தான் பயிற்சி என்று என்சிஏஏ விதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. போட்டிக்காலத்தில் வாரம் 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரம் ஒரு நாள் ஓய்வு. ஆனால் எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். போட்டி நாள் முழுவதும் குளத்தருகே கிடந்தாலும் கணக்கில் 3 மணிதான். பஸ் பயணம் கணக்கில் வராது. தோள்பட்டைக்குச் சிகிச்சை எடுக்கும் நேரம் வராது. 'விருப்பமிருந்தால் வரலாம்' என்று பெயர் வைத்த பயிற்சியும் வராது, அதற்கு வராமல் இருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. டிவிஷன் ஒன்று மாணவர்களே என்சிஏஏவின் கணக்கெடுப்புகளில் வாரம் 30 மணிக்கு மேல் விளையாட்டுக்குப் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத் திட்டமிடுங்கள்.

'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்கு வருகிறேன். இது எனக்கு மனம் பதறும் விஷயம்.

டிவிஷன் ஒன்றில் நாற்பது, அறுபது, எண்பது என்று நாங்கள் சொல்லும் விதி ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது, எடுத்துக்கொண்ட பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் (பாடங்களை முடித்தால் சேரும் அலகுகளில்) 40 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டு தொடக்கத்தில் 60, ஐந்தாம் ஆண்டு தொடக்கத்தில் 80. மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் மேஜரையும் அறிவித்தாக வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 48, 72, 96. பொதுவாக எத்தனை கிரெடிட் சேர்த்தாள் என்பது அங்கே கேள்வியில்லை, அந்தப் பட்டத்துக்கு எத்தனை செல்லும் என்பதுதான் கேள்வி. கணக்கில் குறைந்தால் நீந்த முடியாது.

உங்கள் மகள் அந்தக் கோச் சொன்னபடி ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்டில் சேர்ந்து இரண்டு வருஷத்தில் 60 கிரெடிட் எடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு இன்ஜினியரிங்குக்கு மாற நினைக்கிறாள். அந்த அறுபதில் இன்ஜினியரிங் பட்டத்துக்குச் செல்வது முப்பதோ முப்பத்தைந்தோதான். மூன்றாம் ஆண்டு வாசலிலேயே தகுதி போய்விடும். கால்குலஸும் ஃபிசிக்ஸும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் படிகள் என்பதால், கோடை வகுப்பில் அவசரமாக ஓடிப் பிடிக்கவும் முடியாது.

எதிர்த்திசையில் கதை வேறு. இன்ஜினியரிங்கில் தொடங்கி, இரண்டாம் வருஷத்தில் 'இது எனக்கானது இல்லை' என்று புள்ளியியலுக்கோ பொருளாதாரத்துக்கோ உயிரியலுக்கோ போகிறவளுக்கு, எடுத்த கணக்கும் அறிவியலும் பெரும்பாலும் புதிய பட்டத்திலும் செல்லும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடும், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கத்தான் வேண்டும். ஆகவே அவளுக்கு இன்ஜினியரிங் மேல் உண்மையான ஆசை இருந்தால் முதல் நாளிலிருந்தே அதில் இருக்கட்டும். மாறுவதானால் முதல் இரண்டு வருஷத்துக்குள் மாறட்டும்.

இதில் இன்னொரு சிக்கல், பல பெற்றோர்களுக்குத் தெரியாதது. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது வேறு, இன்ஜினியரிங் பிரிவில் இடம் கிடைப்பது வேறு. கோச்சின் ஆதரவு முதல் கதவைத் திறக்க உதவலாம், இரண்டாவது கதவுக்கு அவரிடம் சாவி இல்லாமல் இருக்கலாம். 'சுலபமான மேஜரில் சேரட்டும்' என்று அவர் சொன்னதற்கு இதுவே காரணமாக இருக்கவும் கூடும். நேராகக் கேட்டுவிடுங்கள்: என் மகளுக்கு முதல் வருஷமே இன்ஜினியரிங்கில் இடம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் உள்ளே போக என்ன ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) வேண்டும்?

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். நர்சிங் படிக்க வந்தவள், ஃப்ரீஸ்டைல் நீந்துபவள். சேர்வதற்கு முன் கல்லூரியைப் பார்க்க வந்தபோது, "நர்சிங்கா, தாராளமாக, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாம் வருஷம் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியது, காலை ஆறரைக்கு வார்டில் நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சி போயிற்று. ஒரு நாள் கோச்சின் அறையிலிருந்து நேராக என்னிடம் வந்தாள், மேஜரை மாற்ற வேண்டும் என்றாள். கண் சிவந்திருந்தது. காரணம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தகுதிக் கணக்கு சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்து, படிவத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் தோளில் அறுவை சிகிச்சை, அதோடு நீச்சல் முடிந்தது. நர்சிங்கில் அவள் விட்ட இடம் அதற்குள் நிரம்பிவிட்டது. இப்போது நல்ல வேலையில்தான் இருக்கிறாள். ஆனால் நர்ஸ் ஆகவில்லை. அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி இன்னும் என் மனதில் கிடக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கேட் டக்ளஸ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நீந்திக்கொண்டே புள்ளியியல் படித்தவர். அங்கேயே முதுகலையும் புள்ளியியலில்தான். நீச்சல் வீரர்களின் உடலில் சென்சார் பொருத்தி அசைவை அளந்து, எங்கே வேகம் வீணாகிறது என்று கணக்குப் போடும் ஆராய்ச்சியில், கணிதப் பேராசிரியர் கென் ஓனோவோடு அவரும் பங்கெடுத்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் தங்கம். உங்கள் மகள் நினைக்கும் பயோமெடிக்கல் துறைக்கு இது எவ்வளவு பக்கம் பாருங்கள்! தன் உடலையே ஆய்வுப் பொருளாக வைத்துப் படிக்கலாம். ஜென்னி தாம்ப்சன் ஸ்டான்ஃபோர்டில் ஹ்யூமன் பயாலஜி படித்தார், ஒலிம்பிக்கில் 12 பதக்கம் வாங்கினார், பிறகு கொலம்பியாவில் மருத்துவம் படித்து மயக்க மருந்து நிபுணர் ஆனார். தடகளத்தில் கேபி தாமஸ் ஹார்வர்டில் நியூரோபயாலஜி படித்தவர், பாரிஸில் 200 மீட்டர் தங்கம் அவருடையது. இவர்கள் அபூர்வமான திறமைசாலிகள்தான். ஆனால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த சாதாரண வேகக்காரர்களிலும் இன்ஜினியரிங்கை முடித்தவர்கள் உண்டு. ஏறக்குறைய எல்லோரும் ஒரே வழியைத்தான் பிடித்தார்கள்: உயர்நிலைப் பள்ளியில் எடுத்த ஏபி (கல்லூரித் தரப் பாடம்) கிரெடிட்டை வைத்துப் போட்டிக்காலத்துச் சுமையைக் குறைத்தார்கள், ஒரு லேபையாவது கோடையில் எடுத்தார்கள், நாலரை அல்லது ஐந்து வருஷத்தில் முடித்தார்கள். ஐந்து வருஷம் என்றதும் நம் வீடுகளில் முகம் சுருங்கும். சுருங்க வேண்டாம், இன்ஜினியரிங்கில் அது சாதாரணம். கூடுதல் பருவத்துக்குக் கட்டணம் யார் கட்டுவது என்பதை மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

மருத்துவம்தான் கடைசி ஆசை என்றால் ஒரு வார்த்தை. 'ப்ரீ-மெட்' என்பது பெரும்பாலான இடங்களில் மேஜரே இல்லை, சில பாடங்களின் தொகுப்பு. எந்த மேஜரிலிருந்தும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காக மட்டும் இன்ஜினியரிங்கைச் சுமப்பதாக இருந்தால், அதை அவள் இப்போதே யோசிப்பது நல்லது.

அந்த டிவிஷன் மூன்று கல்லூரியை உங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தம். 'மூன்று' என்றால் மூன்றாம் தரம் என்று நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள். எம்ஐடி நீந்துவது டிவிஷன் மூன்றில். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்குக்குப் பெயர் போன ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீந்துவதும் அதில்தான். எமரி பல்கலைக்கழகத்துப் பெண்கள் அணி 2010 முதல் 2019 வரை பத்து வருஷம் தொடர்ந்து அந்தப் பிரிவின் தேசிய சாம்பியன். அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துத் தரும் உதவிகள்தான் உண்டு. அதனால் ஒரு விடுதலையும் உண்டு: நீச்சலை விட்டாலும் அந்த உதவித்தொகை போகாது. நாற்பது, அறுபது, எண்பது விதியும் டிவிஷன் மூன்றுக்கு இல்லை, அந்தந்தக் கல்லூரியின் சொந்த விதிதான். லேப் இருக்கும் நாளில் பயிற்சிக்குத் தாமதமாக வருவதைச் சகஜமாக எடுத்துக்கொள்ளும் கோச்சுகளை அங்கே அதிகம் காணலாம்.

அவளுடைய நேரத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். 2:02 என்பது உழைத்து வாங்கிய நல்ல நேரம், பெருமைப்படலாம். டிவிஷன் ஒன்று தேசியப் போட்டியில் அதே தூரத்தை வெல்பவர்கள் 1 நிமிடம் 50 விநாடியை ஒட்டி நீந்துகிறார்கள். ஆகப் பெரிய அணிகளில் அவள் ஓரத்தில் இருப்பாள், நடுத்தர டிவிஷன் ஒன்று அணியிலும் நல்ல டிவிஷன் மூன்று அணியிலும் புள்ளி எடுத்துத் தருபவளாக இருப்பாள். எந்த அணியில் எத்தனையாவது இடம் என்று ஸ்விம்கிளவுட் தளத்தில் போட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஓரத்தில் இருப்பது இப்போது முன்பைவிட ஆபத்து. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்தபின், அந்த ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்தது. முன்பு பெண்கள் நீச்சலில் 14 முழு ஸ்காலர்ஷிப்பை இருபத்தைந்து முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள், ஸ்காலர்ஷிப் இல்லாமலும் சிலர் அணியில் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒட்டிக்கொள்ளும் இடம்தான் இப்போது சுருங்கியிருக்கிறது. வீரர்களோடு வருமானத்தைப் பகிரவும் பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி வந்திருக்கிறது, அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். நீச்சல் மாதிரி விளையாட்டுகளின் மேல் கத்தி தொங்குகிறது.

அணியே இல்லாமல் போவதும் நடந்திருக்கிறது. தேசிய சாம்பியன்ஷிப் நடத்தும் அளவுக்குக் குளம் வைத்திருக்கும் அயோவா பல்கலைக்கழகம் 2020 ஆகஸ்டில் ஆண், பெண் நீச்சல் அணிகள் இரண்டையும் நிறுத்துவதாக அறிவித்தது. பெண்கள், கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டுத் தங்கள் அணியை மீட்டார்கள், ஆண்கள் அணி போனது போனதுதான். அதே 2020இல் மிஷிகன் ஸ்டேட்டும் நீச்சலைக் கைவிட்டது. ஆகையால் ஒவ்வொரு கல்லூரியையும் பார்த்துவிட்டு வரும் வழியில், காரில் அவளிடம் இதைக் கேளுங்கள்: நாளைக்கு இங்கே நீச்சல் அணி இல்லை என்றால், இந்த விடுதியில் தங்கி இந்த வகுப்புகளுக்குப் போக உனக்குப் பிடிக்குமா? உடனே வாய் திறந்து சொல்லும் பதிலைவிட, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்.

உங்கள் வீட்டுக்காரரின் கவலை வீண் இல்லை. என்சிஏஏ டிவிஷன் ஒன்றுக்குக் கேட்பது உயர்நிலைப் பள்ளியில் 16 கோர் (அடிப்படை) பாடங்கள், அவற்றில் 2.3 ஜிபிஏ, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் பத்துப் பாடம் முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதை 2023இல் என்சிஏஏ கைவிட்டுவிட்டது. ஆனால் அது நீந்துவதற்கான தரைமட்டம், இன்ஜினியரிங்குக்கான தகுதி இல்லை. எம்ஐடி மாதிரி இடங்கள் தேர்வு மதிப்பெண்ணைத் திரும்பக் கேட்கத் தொடங்கிவிட்டன. ஹார்வர்ட் மாதிரியான ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் ஒன்றில் இருந்தாலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் தருவதில்லை, பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் கோச் மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சேர்க்கை அலுவலகத்தில் காட்டி, வாய்ப்பிருக்கிறதா என்று கேட்பார். ஆகவே இந்த வருஷத்து மார்க்தான் அவள் கையில் இருக்கும் பெரிய சீட்டு என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது சரி. நீச்சலை நிறுத்தினால் மார்க் ஏறும் என்பதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒன்பது வருஷம் விடிகாலையில் எழுந்த பிள்ளைக்கு அந்த ஒழுங்கே முதுகெலும்பு, திடீரென்று எடுத்துவிட்டால் மிச்சமாகும் நேரம் கால்குலஸுக்குப் போகாது. கிளப் கோச்சிடம் பேசி, தேர்வு வாரங்களில் மட்டும் காலைப் பயிற்சியைக் குறைக்கச் சொல்லுங்கள். அது போதும்.

இனி இந்த மாதம் செய்ய வேண்டியது. இரண்டு அணிகளின் இணையப் பக்கத்தையும் திறந்து, ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் கீழே இருக்கும் மேஜரைப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகள் போட்டிருக்கும். முதல் வருஷத்தில் நாலு பேர் இன்ஜினியரிங், நான்காம் வருஷத்தில் ஒருவர்கூட இல்லை என்றால், இடையில் என்ன நடந்தது என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடும். பழைய வருஷத்துப் பட்டியல்களும் தளத்தில் இருக்கும், அதே பெயர்களைப் பின்தொடர்ந்து பாருங்கள்.

பிறகு கோச்சுக்கு மின்னஞ்சல். அதை நீங்கள் எழுதாதீர்கள் அம்மா, அவளே எழுதட்டும். பெற்றோர் எழுதுவது கோச்சுகளுக்கு உடனே தெரியும், பிடிக்கவும் பிடிக்காது. மூன்றே வரி போதும். பயோமெடிக்கல் இன்ஜினியரிங்தான் என் முதல் விருப்பம். உங்கள் அணியில் இன்ஜினியரிங் படிக்கும் மூன்றாம் வருஷத்து வீராங்கனை ஒருவரோடு பேச விரும்புகிறேன். லேபும் பயிற்சியும் மோதும் நாளில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இதைக் கேட்டதால் ஒரு கோச் விலகிப் போனால், சேர்ந்தபின் நடக்க இருந்தது முன்னாலேயே நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாகத் தரும் உறுதி இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது என்பதையும் அவளுக்குச் சொல்லிவையுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில், உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் வரும் ஒப்பந்தம்தான் கணக்கு.

அந்த மூன்றாம் வருஷத்துப் பெண் கிடைத்தால், இந்தப் பருவத்து டைம்டேபிளை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று அவளிடம் உங்கள் மகள் கேட்கட்டும். விளையாட்டுப் பிள்ளைகள் இதற்கெல்லாம் தயங்க மாட்டார்கள். இரண்டு கல்லூரி டைம்டேபிளும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். லேப் எந்த நாள், பயிற்சி எந்த நேரம், சாப்பாட்டுக்கு எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துவிடலாம். உங்கள் வீட்டுக்காரரையும் கூப்பிடுங்கள்.